மேட்டுக்குள் பதினோரு கோடுகள்

ஹினோதானிப் பள்ளத்தாக்கில் வீடுகள் ஆறு. ஆள் இருந்தது ஒன்றில்தான். அதில் ககேயாமா சுமியே தனியாக இருந்தாள். வயது அறுபத்தொன்பது. கணவன் இசாவோ போய் ஒன்பது வருஷமாகிறது. ஒரே மகன் ஷூஜி ஹிரோஷிமாவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு எட்டாவது மாடியில் குடியிருந்தான்.

தெராதோ கோஹேய் அந்தப் பள்ளத்தாக்குக்கு முதன்முதலாக வந்தது ஒரு ஏப்ரல் மாதம். பழைய நிலம் எப்படி இன்றைய நிலமானது என்று தேடிப் பார்ப்பது அவன் தொழில். எந்தச் சரிவு தானாக உண்டானது, எதை மனிதன் வெட்டினான், எதை ஆறு கொண்டுவந்து போட்டது என்று மடிப்பு மடிப்பாகப் பார்த்து வரைபடம் போட்டு நகரசபைக்குக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. வயது ஐம்பத்திரண்டு. மனைவி ஒசாகாவிலேயே இருந்துவிட்டாள். சண்டை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் அவன் மூட்டை கட்டியபோது கூட வந்தவள், இந்தத் தடவை, "நீ போய்ட்டு வா" என்றாள். போய்விட்டு எப்போது வருவது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இந்த மலைகளில் ஒரு காலத்தில் இரும்பு மணல் எடுத்தார்கள். மேலே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து, சரிவை இடித்து அதில் தள்ளுவார்கள். மண் அடித்துக்கொண்டு போகும், கனமான இரும்பு மணல் மட்டும் கீழே தொட்டியில் தங்கும். நூறு கூடை மண்ணுக்கு ஒரு கூடை தேறினால் பெரிது. மீதி ஆற்றோடு இறங்கி, படுகையை உயர்த்தி, கடைசியில் ஏரிக்கரையில் புது நிலமாகப் படியும். மலை போன இடத்தில் மிஞ்சிய தரையைப் படிப்படியாகக் கட்டி நெல் நட்டார்கள். வயல்களுக்கு நடுவே அங்கங்கே குட்டி மேடுகள் நிற்கும். கோயிலோ கல்லறையோ இருந்ததால் வெட்டாமல் சுற்றிக்கொண்டு போன இடங்கள்.

சுமியேயின் வயலுக்கு நடுவிலும் அப்படி ஒரு மேடு இருந்தது. நாலு மீட்டர் உயரம். உச்சியில் ஒரு கமேலியா மரம், அதன் அடியில் ஏழு கல்லறைக் கற்கள். கடைசிக் கல் இசாவோவுடையது.

தெராதோ வரைபடப் பலகையோடு வரப்பில் நின்றிருந்த முதல் நாளே அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன வாத்தியாரே, காலையிலருந்து அந்த மேட்டையே முறைக்கறீங்க. பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி."

"நான் வாத்தியார் இல்லீங்க. அளக்கறவன்."

"கழுத்துல கண்ணாடி தொங்குது, காதுல பென்சில் இருக்கு. அப்ப வாத்தியார்தான்." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டாள். "அந்த மேட்டோட கதை தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றான். அவள் சொன்னாள். ககேயாமா வீட்டின் மூதாதை மோஹேய். இரும்பு உருக்கும் உலைக்காரரின் ஆட்கள் மலையை வெட்டிக்கொண்டே கல்லறைக்குப் பக்கத்தில் வந்தபோது, மோஹேய் தன் அப்பாவின் கல்லறைமேல் போய் உட்கார்ந்துவிட்டான். மூன்று நாள், கொட்டுகிற பனியில். மண்வெட்டி எடுத்தவர்களுக்குக் கை எழவில்லை. அவனைச் சுற்றி வெட்டிக்கொண்டு போனார்கள். அவன் உட்கார்ந்த இடம் மட்டும் மேடாக நின்றது.

"ஷூஜி வாரா வாரம் போன் பண்றான். கல்லறையை எடுத்துடலாம்மா, எலும்பையெல்லாம் இங்க கோயில்ல வச்சுக்கலாம், நீயும் வந்துடுன்னு. நான் ஒண்ணுதான் சொல்வேன். மோஹேய் எழுந்திருக்கலைடா. நான் எதுக்கு எழுந்திருக்கணும்?"

அன்றிலிருந்து தெராதோவுக்கு மதியச் சாப்பாடு அவள் சமையலறையில் என்று ஆகிவிட்டது. யாரும் அழைக்கவில்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கினான், ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் வந்தது. மறுநாள் மழை இல்லை, ஆனாலும் கிண்ணம் வந்தது. வாடகை வீட்டில் அவன் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள். கடையில் வாங்கிய சோற்று உருண்டையை உறையோடு பிடித்துக் கடிப்பான். அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது, ஊறுகாய் முள்ளங்கி கடிபடும் சத்தம் இரண்டு பேர் வாயிலிருந்தும் கேட்கும். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்தால் பிடித்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

மேட்டைத் துளைத்துப் பார்க்கலாம் என்றது அவள்தான்.

"அந்த இரும்புக் கோலை உள்ள விட்டா எத்தனை வருஷத்து மண்ணுன்னு சொல்லிடுவீங்களாமே. என் மேட்டுல விட்டுப் பாருங்க. வெட்டாத மலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நகரசபை முத்திரையோட. அதைச் சட்டம் போட்டு மாட்டி வச்சா ஷூஜி வாயே திறக்க மாட்டான்."

"கல்லறை இருக்கே."

"ஓரமா விடுங்க. நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

ஜூன் மாதம், நாற்று நட்டு முடிந்த ஒரு காலையில், அவள் இசாவோவின் கல்லுக்கு ஒரு சிறிய கோப்பை சாக்கே மது ஊற்றிவிட்டு, "இந்தாங்க, வாத்தியார் இடுப்புல ஊசி போடப் போறாராம். கத்தாதீங்க" என்றாள். தெராதோ துளைக்கோலை நிறுத்தித் திருகத் தொடங்கினான். கையளவு ஆழம் போனதும் கோலை உருவி, அதன் குழிவில் ஒட்டிய மண்ணைப் பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக் குழாயில் வரிசை கலையாமல் வைப்பான். பிறகு மறுபடி திருகல். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, களை எடுக்கப் போய்விட்டாள்.

முதல் மீட்டரிலேயே அவனுக்கு இடித்தது. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பாறை உளுத்த வெள்ளை மண். கோலில் வந்ததோ சிவப்புக் களிமண். ஒருவேளை மேல்தோல் மட்டும் அப்படி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். இரண்டாவது மீட்டரிலும் சிவப்பு. மூன்றாவதிலும். நாலு மீட்டர் தாண்டி, வயல் மட்டத்துக்கு இறங்கியபோது கோல் சட்டென்று லேசாகி உள்ளே போயிற்று. மணல் வந்தது. சல்லடையில் சலித்ததுபோல் சீரான வெள்ளை மணல்.

நூலில் கட்டிய காந்தத்தைப் பையிலிருந்து எடுத்து மணலில் புரட்டினான். வெட்டாத மலை மண் என்றால் காந்தம் முழுக்கக் கறுப்பு மீசை முளைக்கும். இப்போது இரண்டே இரண்டு துகள் ஒட்டின. கழுவி, இரும்பை எடுத்துக்கொண்டு, வேண்டாமென்று விட்ட மணல் அது. கால் மீட்டர் தள்ளி இன்னொரு துளை போட்டான். அதுவும் அதையேதான் சொன்னது.

அதாவது, இங்கே மலை மிஞ்சவில்லை. கல்லறை இருந்த இடத்தையும் சேர்த்து முழுவதும் வெட்டிக் கழுவி ஆற்றில் விட்டிருக்கிறார்கள். இந்த மேடு பிறகு யாரோ கொட்டியது.

"என்ன வாத்தியாரே, மோஹேய் உள்ள உக்காந்திருக்காரா?" என்று வயலிலிருந்து குரல் வந்தது.

"ஆய்வகத்துக்கு அனுப்பணும். நாளாகும்," என்றான் தெராதோ. குழாய்களைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினான்.

ஜூலை போயிற்று. ஆகஸ்டு போயிற்று. அறிக்கையில் அதுவரை அளந்த இடங்களின் பக்கங்களை எழுதி முடித்தான். ககேயாமா மேடு என்று தலைப்பிட்ட பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. நகரசபையில் அவனுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி, "ஒரு மேடுதானே, வழக்கமான வாக்கியத்தைப் போட்டுடுங்க, யார் தோண்டிப் பார்க்கப் போறா?" என்றார். உண்மைதான், யாரும் பார்க்கப்போவதில்லை. வெட்டாமல் விடப்பட்ட மலைப்பகுதி என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதியும் பார்த்தான். சாப்பாட்டு வேளையில் அவள் முகத்தைப் பார்க்கும்போது அந்த வரி நியாயமாகவே தெரியும். வாடகை வீட்டுக்கு வந்து குழாயில் கிடக்கும் சிவப்பு மண்ணைப் பார்த்தால் அழித்துவிடுவான். நல்ல கணவனாக இருந்தானா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. நல்ல மகனாகவும் இருந்ததில்லை. மண்ணைப் பொய் சொல்ல வைத்ததில்லை, அது ஒன்றுதான் அவன் கணக்கில் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் அறுவடைக்கு ஷூஜி வந்தான். நாற்பத்து மூன்று வயது, மெலிந்த உடம்பு, பேச்சில் அம்மாவின் சாடை. மூன்று பேருமாகக் கதிர்க்கட்டுகளை மூங்கில் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஷூஜி கிட்டே வந்தான்.

"போன குளிர்காலத்துல அம்மா கொல்லையில வழுக்கி விழுந்தாங்க. தெரியுமா உங்களுக்கு? ரெண்டு மணி நேரம் பனியில கிடந்திருக்காங்க. தபால்காரர் வந்து தூக்கினார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அவர்தான் சொன்னார்."

தெராதோவுக்குத் தெரியாது.

"நீங்க என்ன எழுதினாலும் சரி, அவங்க அதைப் பிடிச்சுக்குவாங்க. பார்த்து எழுதுங்க. அவ்வளவுதான் கேட்கறேன்."

அன்று மதியம் சுடச்சுடச் சோறு. சுட்ட மீன், கத்திரிக்காய். சுமியே உற்சாகமாக இருந்தாள். மகன் கிண்ணத்தில் சோற்றை அழுத்தி வைத்தபடியே, "கேளு, இன்னைக்கு வாத்தியார் வாயாலயே கேளு" என்றாள். "சொல்லுங்க வாத்தியாரே. மூணு மாசமா ஆய்வகம் ஆய்வகம்னு தள்ளிட்டீங்க. அது வெட்டாத மலைதானே?"

தெராதோ சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான். மீனைப் பார்த்தான். ஷூஜி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க, சுமியே-சான். அது மலை இல்லை. மலையை முழுசா வெட்டிட்டாங்க. இது அப்புறமா கொட்டின மண்ணு."

"கல்லறை?"

"அதுவும் போயிருக்கு. ஆத்தோட."

ஷூஜி, "அம்மா" என்றான். அவனைப் பார்க்காமலே கையை மட்டும் அசைத்து அடக்கினாள்.

"அப்ப மோஹேய் எழுந்துட்டான்," என்றாள்.

அவள் எழுந்து, பாதி தின்ற கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் போட்டுக் கழுவத் தொடங்கினாள். தெராதோவின் கிண்ணத்தையும் எடுத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "கூதல் வருது. வாத்தியார் நேரத்தோட கிளம்பட்டும்" என்றாள்.

பிறகு மூன்று வாரம் அவன் அந்தச் சமையலறைப் பக்கம் போகவில்லை. வேலை மேல்சரிவில் இருந்தது. போகவர அவள் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் அறுத்த வயலில் தாளடி கொத்திக்கொண்டிருப்பாள், தலை நிமிராது. அவன் குனிந்து வணங்கிவிட்டு நடப்பான். மதியம் பழைய வாய்க்கால் விளிம்பில் நின்றபடியே சோற்று உருண்டையைக் கடிப்பான். ஆளற்ற ஐந்து வீடுகளின் கூரைகள் அங்கிருந்து தெரியும். ஒன்றின் நடுமுதுகு இறங்கியிருந்தது. எல்லாம் தெரியும், பேச்சுச் சத்தம் மட்டும் எங்கிருந்தும் வராது. ஒரு நாள் முழுக்கத் தான் வாயைத் திறக்கவில்லை என்பது சாயங்காலம் கடையில் "பை வேண்டாம்" என்று சொல்லும்போதுதான் அவனுக்கு உறைத்தது. குரல் கரகரத்தது.

வேலை இல்லாத நாட்களில் குழாய்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சிவப்பு மண்ணுக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்ததை முதலிலேயே கவனித்திருந்தான். வேர்க்கறை என்று விட்டுவிட்டான். இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். புல் முளைத்துப் படிந்து மக்கிய கோடுகள், சிலவற்றில் கரித்துணுக்கு. எண்ணினான். பதினொன்று. இரண்டு துளைகளிலும் பதினொன்று. ஜூனிலேயே அனுப்பியிருந்த மண்ணில் கிடைத்த கரியின் வயதும் அதே வாரம் ஆய்வகத்திலிருந்து வந்தது, இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. நகரசபைக் காப்பறையில் அந்தக் காலத்துக் கூலியாள் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது. அதையும் போய்ப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று திரும்பி வரும்போது தோன்றியது.

அக்டோபர் நடுவில், குழாய்களைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டினான்.

"மண்ணு விக்க வந்தீங்களா?" என்றாள். ஆனால் கதவைத் திறந்தே வைத்தாள்.

சாப்பாட்டு மேசையில் குழாய்களை ஒன்றன் பின் ஒன்றாக நீட்டி வைத்தான். அடியில் வெள்ளை மணல், அதற்குமேல் சிவப்பு, சிவப்புக்குள் கோடுகள். "ஒரு கோடுன்னா ஒரு வருஷம்னு வச்சுக்கலாம்," என்றான். "மண்ணைக் கொட்டியிருக்காங்க, அதுமேல புல்லு முளைச்சிருக்கு. மறுவருஷம் புல்லை எரிச்சுட்டு மறுபடி கொட்டியிருக்காங்க. பதினோரு தடவை."

சுமியே விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. "இந்தச் சிவப்பு இங்க எங்கயும் கிடையாதே."

"கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கு. பார்த்துட்டு வந்தேன்."

"அங்கருந்தா? அது ஏத்தம்."

"ஆமா."

"எத்தனை கூடை?"

"முப்பதாயிரம் நடை இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"எப்போ சுமந்தாங்க? வெயில் காலத்துல வயல் இருக்கே."

இந்த இடத்தில் அவன் தயங்கினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் ஏதோ இருக்கு. முழுங்காதீங்க."

"நடவுக்கும் அறுப்புக்கும் நடுவுல கிடைச்ச நாள்லதான் சுமந்திருக்கணும். குளிர்காலத்துல முடியாது. குளிர்காலம் முழுக்க அவங்க வேற வேலையில இருந்தாங்க." நிறுத்திச் சொன்னான். "மலையை வெட்டின ஆளுங்க பட்டியல்ல மோஹேய் பேரு இருக்கு. ஹினோதானியில ஆறு வீட்டு ஆளுங்க பேரும் இருக்கு."

அவள் கை குழாயின் விளிம்பிலேயே இருந்தது. வெளியே காக்கை ஒன்று கூரைத்தகட்டில் நடந்தது. கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, பார்க்கவும் துணிவில்லை.

"அப்பன் கல்லறையை அவனே இடிச்சுத் தண்ணியில விட்டானா."

"அவர் அன்னைக்கு அங்க நின்னாரா தெரியாது. அது மண்ணுல இருக்காது."

"நின்னிருப்பான். வேற எவனையும் நிக்க விட்டிருக்க மாட்டான்." அடுப்புப் பக்கம் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்ததும், "கல்யாணமாகி வந்த நாளா இந்தக் கதையைச் சொல்றாங்க. உக்காந்தான், உக்காந்தான்னு. எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். மூணு நாள் பனியில உக்காந்தவன் பொழைச்சிருப்பானான்னு" என்றாள். சட்டென்று சிரித்தாள். "பாவி, பதினோரு வருஷம் ஏத்தத்துல கூடை சுமந்திருக்கான். அதைச் சொல்ல வெக்கப்பட்டு உக்காந்தேன்னு கதை கட்டிட்டான்."

அன்று அவனுக்கு நூடுல்ஸ் கிடைத்தது.

நவம்பர் முதல் வாரத்தில் அவளே போன் செய்தாள். அதுவரை அவனுக்கு அவள் போன் செய்ததே இல்லை.

"வாத்தியாரே, வர ஞாயித்துக்கிழமை கல்லறையை எடுக்கறோம். கோயில் துறவிகிட்ட சொல்லியாச்சு. ஷூஜி வரான், நானும் அவனோட ஹிரோஷிமா போறேன். உங்களுக்குத் தோண்டத் தெரியுமே, வாங்க."

"என்னாலயா?" என்றான்.

"உங்களாலதான். வேற யாரால?" என்றாள். "உக்காந்தவன் வீட்டுக்காரின்னு நினைச்சுக்கிட்டு நானும் உக்காந்திருந்தேன். இப்ப என்னடான்னா, சுமந்தவன் வீடாம் இது. அப்பன் போன இடத்துல எலும்பே இல்லாம வெறும் மண்ணைச் சுமந்து வச்சுக் கும்பிட்டிருக்காங்க. எனக்கு எலும்பாவது இருக்கு. ஒரு பை. கொண்டுபோக முடியாதா என்ன? போன பனியில விழுந்ததுலருந்து இடுப்பு வலி வேற. ஷூஜிகிட்ட சொல்லிடாதீங்க."

"அவருக்குத் தெரியும்."

"அந்தத் தபால்காரன் வாய்ல மண்ணைப் போட."

ஞாயிற்றுக்கிழமை குளிர்ந்த வெயில். துறவி ஓதி முடித்ததும் ஷூஜியும் தெராதோவுமாகக் கற்களைப் புரட்டினார்கள். பழைய குழிகளில் எலும்பென்று சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி மண்ணை வெள்ளைத் துணியில் முடிந்தார்கள். இசாவோவின் தாழியை ஷூஜி இரு கைகளாலும் தூக்கினான். தூக்கியவன் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதான். வாரா வாரம் போன் செய்து கேட்டவன் அவன்தான்.

"எழுந்திருடா," என்றாள் சுமியே. "இந்த மேட்டுல உக்காந்தா எழுந்திருக்கறது கஷ்டம்."

வண்டியில் ஏறுமுன் தெராதோவின் கோட்டில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைத் தட்டிவிட்டாள். "நின்னுக்கிட்டே சாப்பிடாதீங்க" என்றாள். அவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று அவளிடம் சொன்னதாக அவனுக்கு ஞாபகமில்லை. மேல்சரிவில் வாய்க்கால் விளிம்பில் நின்றதை வயலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். தலை நிமிராமலேயே.

வண்டி வளைவில் மறைந்ததும் பள்ளத்தாக்கில் ஆள் என்று அவன் ஒருவன்தான். அவனும் அங்கே குடியிருப்பவன் இல்லை.

டிசம்பர் நடுவில் முதல் பனி விழுந்தது. அறிக்கையைக் கொடுக்கக் கெடு நெருங்கியது. ககேயாமா மேடு பக்கத்தை எழுதி முடித்தான். மலை வெட்டப்பட்டது, பிறகு கணவாய்க்கு அப்பாலிருந்து மண் சுமந்து பதினோரு ஆண்டுகளில் மேடு எழுப்பப்பட்டது, சுமந்தவர்களும் வெட்டியவர்களும் ஒரே ஊரார். இப்போதைய நிலை என்று ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. 'இவ்வாண்டு நவம்பரில் கல்லறைகள் அகற்றப்பட்டன. வயலில் சாகுபடி நின்றது. பள்ளத்தாக்கில் குடியிருப்போர் இல்லை' என்று எழுதினான். படித்துப் பார்த்தான். மூன்றும் சரியான வாக்கியங்கள். மூன்றும் அவனால் நடந்தவை, அதை எழுதக் கட்டம் கிடையாது.

படம் எடுக்க வேண்டியிருந்ததால் கடைசியாக ஒருமுறை போனான். பனியில் காட்டுப்பன்றிகளின் குளம்புத்தடம் வரப்பை ஏறி வயலுக்குள் போயிருந்தது. ஓரிடத்தில் கரையைக் கிளறிச் சரித்திருந்தன. வரும் மழைக்கு அந்தப் படி இறங்கும், அதன்பின் அதற்கு மேல்படி. பத்து வருஷத்தில் நாணல், முப்பது வருஷத்தில் மரம் என்று அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும். எத்தனையோ இடங்களுக்கு அப்படி எழுதியிருக்கிறான்.

நாலு பக்கமும் படம் எடுத்தான். பசித்தது. பையிலிருந்து சோற்று உருண்டையை எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்தான். சமையலறைக் கதவுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருந்த பலகைப்பெட்டியின் மேல் பனியைக் கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான். உறையைப் பிரித்து, மெல்ல, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். பனி விழும்போது அந்தப் பள்ளத்தாக்கில் சத்தமே இருக்காது.